கால் டேங்க் என்று சொன்ன முள்: புதுப்பேட்டை மீட்டர் கடை அனுபவம்

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்று ஏன் குறைந்தது என்று பிறகு சொல்கிறேன். முதலில் நான் அங்கே போன கதை.

பெரம்பூரில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறேன். காலை நாலரைக்கு வண்டியை எடுத்தால் ஓட்டேரி, அயனாவரம், வில்லிவாக்கம் என்று சுற்றி, ஏழு மணிக்குள் எல்லாக் கடைக்கும் போட்டுவிட வேண்டும். வண்டி 2010 மாடல் பெட்ரோல் மினி வேன். டேங்க் 36 லிட்டர். நானே ஓட்டுகிறேன். டிரைவர் வைத்தால் சம்பளத்திலேயே லாபம் போய்விடும்.

போன வருடம் பெட்ரோல் முள் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. பாதி டேங்க் வரை ஒழுங்காக இறங்கும். பாதிக்கு வந்ததும் திடீரென்று ‘ஈ’க்கு விழும், கொஞ்ச தூரம் போனால் மறுபடி பாதிக்கு எழுந்து வரும். வீட்டுப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். “டேங்க் யூனிட் போயிடுச்சுக்கா, புதுசு போட்டுடலாம்” என்றார்கள். டேங்க் யூனிட் என்பது டேங்குக்குள் மிதவையோடு தொங்கும் சமாச்சாரம். புதுசு 850, கூலி 600 என்று போட்டுக் கொடுத்தார்கள். பழசை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அதைத் தூக்கிப் போடாமல் விட்டது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அதற்கப்புறம் முள் விழவில்லை, உண்மைதான். ஆனால் ஃபுல் டேங்க் போட்டாலும் ‘எஃப்’ கோட்டைத் தொடவில்லை, ஒரு விரல் அகலம் கீழேயே நின்றது. எனக்கு பங்க் மேல் சந்தேகம். வழக்கமாகப் போடும் இடத்தில் போய், அளந்து காட்டச் சொல்லிக் கேட்டேன். எல்லா பங்க்கிலும் முத்திரை குத்திய 5 லிட்டர் அளவைக் கேன் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். பின்னால் ஹாரன் அடிக்கும் ஆட்டோக்காரர்கள் மத்தியில், முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்தப் பையன் பிடித்துக் காட்டினான். 25 மில்லி வரை கூடக் குறைய இருக்கலாம் என்பது கணக்கு. இங்கே கேனின் கழுத்துக் கண்ணாடியில் பெட்ரோல் கோட்டிலேயே நின்றது. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இரண்டு பாக்கெட் மாவு கொடுத்து வந்தேன்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பெரம்பூர் மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை இருமி நின்றுபோனது. முள் கால் டேங்க் என்று காட்டிக்கொண்டிருந்தது. கால் டேங்க் என்றால் 9 லிட்டர். அதனால் பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. ஃபியூஸைப் பார்த்தேன், பேட்டரி ஒயரை ஆட்டினேன், ஸ்டார்ட்டரை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். பின்னால் 120 பாக்கெட் மாவு. மே மாதத்து மாவு யாருக்காகவும் காத்திருக்காது. ஐந்தே முக்காலுக்குத் திரும்பிப் பார்த்தால் மேல் தட்டுப் பாக்கெட்டுகள் தலையணை மாதிரி உப்பி, ஒன்று ஓரம் பிரிந்து வழிய ஆரம்பித்திருந்தது. பால் போடும் ஒரு தம்பி வண்டியை நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்து ஆட்டச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டு, “உள்ள ஒண்ணுமே இல்லக்கா” என்றான். தன் பைக்கின் பெட்ரோல் டியூபைக் கழற்றி என் தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்துக் கொடுத்தான். அன்றைக்கு 38 பாக்கெட் திரும்பி வந்தது. மறுநாள் அதை ஊத்தப்பமாக்கித் தெரு முழுக்கக் கொடுத்தேன்.

அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், “அப்ப மீட்டர் போர்டுதான் போயிருக்கும், முழுசா மாத்தணும், 4,500 ஆகும்” என்கிறார்கள். யூனிட் போட்டபோது ஏன் சொல்லவில்லை என்றால் பதில் இல்லை. சரி என்று கிளம்பிவிட்டேன்.

புதுப்பேட்டை என்றாலே பழைய ஸ்பேர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். ஆனால் மீட்டர் மட்டும் பார்க்கிறவர்களும் அங்கே உண்டு. இந்தக் கடையின் பலகையில் மற்ற எழுத்தெல்லாம் வெயிலில் போய், ‘மீட்டர்’ என்ற சொல் மட்டும் மிச்சம். ஆறடிக்கு எட்டடி. சுவர் முழுக்க ஸ்பீடோமீட்டர்கள், கண்ணாடி இல்லாமல், முள் இல்லாமல், பல் பிடுங்கிய வாய் மாதிரி தொங்குகின்றன. உள்ளே ஒரு வயதான பாய். அறுபதைத் தாண்டியவர், கண்ணில் கடிகாரக்காரர் லென்ஸ்.

நான் கதையை ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். “முள்ளு பொய் சொல்லுதா, இல்ல மெதுவா சொல்லுதா? அத மொதல்ல சொல்லும்மா.”

இரண்டும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பெட்ரோல் போட்டு வந்தால் முள் மெல்லத்தான் ஏறுகிறது, அதையும் ஒரு கோளாறாகச் சொன்னேன். அவர் சிரித்தார். பெஞ்சில் கிடந்த ஒரு மீட்டரின் முள்ளை விரலால் தள்ளிக் காட்டினார். அது தேனில் மாட்டிய எறும்பு மாதிரி மெல்ல நகர்ந்தது. அடியில் சிலிக்கான் எண்ணெய் இருக்கிறதாம், பசை மாதிரி. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் டேங்கில் பெட்ரோல் அலையடிக்க, முள் பரதநாட்டியம் ஆடும். சாவியை அணைத்தாலும் முள் இருந்த இடத்திலேயே நிற்பதும் இதனால்தான். சாவி அணைந்திருக்கும்போது பெட்ரோல் போட்டால், மறுபடி சாவி போட்ட பிறகுதான் அது நகர ஆரம்பிக்கும். இன்னும் பழைய வண்டிகளில் கரண்ட் சூட்டில் வளையும் இரட்டைத் தகடு ஒன்று முள்ளைத் தள்ளுமாம், அது சூடாகவே ஒரு நிமிடம் வேண்டும். இப்போதைய கார்களில் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு நிதானமாக நகர்த்துகிறது. “உங்க மாவு மாதிரிதான். கெட்டியா இருந்தா மெதுவாத்தான் ஊத்தும். அது கோளாறு இல்ல” என்றார். மாவு வியாபாரம் என்று நான் சொல்லவே இல்லை. என் புடவை ஓரத்தைப் பார்த்திருப்பார்.

அதோடு நின்றிருந்தாலே எனக்குப் பாதி நிம்மதி. ஆனால் பொய் சொல்லும் கதை வேறு.

வண்டிக்கு வந்தவர் மீட்டர் போர்டு பக்கமே போகவில்லை. கீழே குனிந்து டேங்கிலிருந்து வரும் ஒயர் சேரும் கப்ளரைக் கழற்றினார். யூனிட்டுக்குப் போகும் ஒயரில் ஒரு துண்டு ஒயரைச் செருகி, மறுமுனையைச் சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்பு உடம்பில், தொட்டுப் பிடித்துக்கொண்டு, “சாவி போடும்மா” என்றார். முள் மெல்ல ஏறியது. கால், அரை, முக்கால், ‘எஃப்’ கோட்டில் சரியாகப் போய் நின்றது. ஒயரை எடுத்தார், மெல்ல ‘ஈ’க்கு இறங்கியது. “போர்டு நல்லாருக்கு. ஒயரும் நல்லாருக்கு. ஒனக்கு 4,500 மிச்சம்.” இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இதைச் செய்து பார்க்காமல் எப்படி போர்டை மாற்றச் சொன்னார்கள் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் யூனிட்டின் மின்தடை குறைந்தால் ஃபுல், கூடினால் காலி. அதனால்தான் எர்த்தில், அதாவது சேஸிஸில், தொட்டால் ஃபுல்லுக்கு ஏறுகிறது. இதற்கு நேர் எதிராக இருக்கும் வண்டிகளும் உண்டு, அவற்றில் எர்த்தில் தொட்டால் முள் காலிக்குப் போகும். அந்தத் தடையை அளக்கும் ஓம்ஸ் கணக்கும் வண்டிக்கு வண்டி வேறு. ஐரோப்பிய வகை ஒன்றில் காலி 10, ஃபுல் 180. அமெரிக்க வகை ஒன்றில் காலி 240, ஃபுல் 33. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி தகடு, ஒரே மாதிரி மிதவை. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று யாராவது யூனிட் விற்றால் வாங்காதீர்கள்.

அடுத்து, தடையை அளக்கும் மல்டிமீட்டரை 200 ஓம்ஸில் வைத்து, ஒரு முனையை யூனிட்டின் எர்த்திலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவ்விலும் வைத்தார். 14 காட்டியது. ஒன்றுக்குள் இருக்க வேண்டுமாம். டேங்கிலிருந்து வரும் எர்த் ஒயரைத் தடவிக்கொண்டே போய், சேஸிஸில் போல்ட் போட்டிருக்கும் இடத்தைக் காட்டினார். போல்ட்டே தெரியவில்லை, பிஸ்கட் மாதிரி உதிரும் துரு. மாவுத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அந்த இடம் எப்போதும் ஈரம், அது என் தப்பு. துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஒயர் முனைக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். இப்போது 0.3.

நான் பர்ஸை எடுத்தேன். அவர் எடுக்க விடவில்லை. “எர்த்த மட்டும் சரி பண்ணி அனுப்பிட்டா இத விடப் பெரிய பொய் சொல்லும்” என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது. துருப்பிடித்த எர்த் எப்போதும் 14 ஓம்ஸைக் கூட்டிக் காட்டுகிறது. கூடினால் முள் குறைத்துக் காட்டும். ஃபுல் போட்டும் கோட்டைத் தொடாததற்கு அது காரணம். ஆனால் பெட்ரோல் சுத்தமாகத் தீர்ந்தும் கால் டேங்க் காட்டியதே, அதற்கு எர்த் காரணமாக இருக்கவே முடியாது, அது எதிர்ப்பக்கத் தப்பு. ஆக இரண்டு கோளாறு. ஒன்று மேலே இழுக்கிறது, ஒன்று கீழே இழுக்கிறது, நடுவில் முள் ஏதோ ஒரு இடத்தில் நின்று நல்ல பிள்ளை வேஷம் போடுகிறது. எர்த்தைச் சரி செய்ததால் கீழே இழுத்தது போய்விட்டது. இனிமேல் காலி டேங்குக்குக் கால் டேங்கைவிட அதிகமாகக் காட்டும்.

டேங்கை இறக்காமல் என் வண்டியில் யூனிட்டை எடுக்க முடியாது. மறுநாள் காலி டேங்கோடு வரச் சொன்னார். போனதும் அவர் செய்த முதல் காரியம், பையனை விட்டு வண்டியைப் பக்கத்து டீக்கடையிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தியது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும் என்றார். பேட்டரி நெகட்டிவ் கழற்றியாகிவிட்டது, மிச்சப் பெட்ரோல் கேனில் இறங்கிவிட்டது, பக்கத்தில் ஒரு வாளி மணல். என் போனை வாங்கிக் கல்லாவில் வைத்தார். யூனிட்டைப் பிடித்திருக்கும் வளையத்தைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டித் தட்டித் திருப்பினார், பித்தளை பொறி விடாது. முந்தைய ஒர்க்‌ஷாப்பில் ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் வைத்து அடித்த தழும்பு அந்த வளையத்தில் நன்றாகத் தெரிந்தது. அன்றைக்கு எரியாமல் போனது யார் செய்த புண்ணியமோ.

பெஞ்சில் இரண்டு யூனிட்டையும் வைத்தார், நான் வாங்கிய புதுசும், சீட்டுக்கு அடியில் கிடந்த பழசும். பழசின் மிதவையைக் கீழிருந்து மெல்லத் தூக்கினார். மல்டிமீட்டரில் 110, 93, 74, 52, அதற்கப்புறம் எண் மறைந்து ஓரத்தில் ஒற்றை ‘1’ மட்டும். அப்படியென்றால் தொடர்பே இல்லை என்று அர்த்தம். இன்னும் தூக்கினால் மறுபடி 24, 11, 4. லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். சின்னத் தகட்டில் வரிவரியாகக் கோடுகள், அதன் மேல் ஒரு தொடுமுனை உரசிக்கொண்டு போகிறது, நடுவில் நான்கைந்து கோடு தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. வண்டி எப்போதும் பாதி டேங்கிலேயே ஓடினால் அந்த இடம்தான் முதலில் தேயும். நான் அப்படித்தான் ஓட்டுவேன். பாதிக்கு வந்ததும் முள் விழுந்த மர்மம் அது.

புதுசின் மிதவையை அடிவரை இறக்கினார். 50. இன்னும் அழுத்தினார். 50தான். 110 வர வேண்டிய இடம். “இதுக்கு மேல எண்ணத் தெரியாது இதுக்கு” என்று கவுண்டர் ஓரமாக ஒதுக்கி வைத்தார். அதோடு துருவின் 14 சேர்ந்தால் 64, அதுதான் என் மீட்டரில் கால் டேங்க். மேம்பாலத்தில் நான் பார்த்தது இந்தக் கணக்கைத்தான்.

எத்தனாலால்தான் இதெல்லாம் என்கிறார்களே என்று கேட்டேன். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் எந்த வண்டி நின்றாலும் அதைத்தான் சொல்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஈரம் வந்தால் உள்ளே தொடுமுனைகள் கறுக்கலாம், அதை அவர் மறுக்கவில்லை. “ஆனா ஒன் துரு டேங்குக்கு வெளியல்ல இருக்கு?” என்றதோடு பேச்சு முடிந்தது.

அப்புறம் அவர் இரண்டு சந்து தள்ளிப் போய், உடைத்த வண்டிகளிலிருந்து எடுத்த யூனிட் மூன்று கொண்டுவந்தார். காசு பேசும் முன்னால் மூன்றையும் மிதவை தூக்கிப் பார்த்தார். ஒன்று நடுவில் ‘1’ காட்டியது. இன்னொன்றில் மிதவையைக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சளசளத்தது, ஓட்டை. அது மிதக்காது, முங்கும், எப்போதும் காலி என்றே காட்டும். மூன்றாவதில் 109, 90, 71, 50, 33, 20, 10, 4. ஒரு எண்கூடத் துள்ளவில்லை. கேரம் போர்டு காய் வழுக்குகிற மாதிரி.

மாட்டிய பிறகு, அளவைக் கேன் வைத்து ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் ஓயும் வரை காத்திருந்து எழுதினோம். முதல் 5 லிட்டருக்கு ‘ஈ’க்கு ஒரு நூல் மேலே. 20 லிட்டருக்குப் பாதியைக் கொஞ்சம் தாண்டி. 30க்கே கிட்டத்தட்ட ஃபுல், அதற்குமேல் ஊற்றியது முள்ளில் தெரியவே இல்லை. மிதவை மேலே முட்டிக்கொண்டால் அதற்குமேல் அதற்குப் போக இடம் இல்லை. ஃபுல் போட்டு அறுபது எழுபது கிலோமீட்டர் முள் அசையாமல் இருப்பதும், அப்புறம் விறுவிறு என்று இறங்குவதும் இதனால்தானாம். அந்தச் சீட்டை டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறேன்.

மொத்தச் செலவு: யூனிட் 600, கூலி 700, லக், பேக்கிங் என்று 50. ஆக 1,350. நான்கு மாதம் ஆகிறது, சீட்டில் எழுதியபடியே நடக்கிறது. திரும்பி வரும் வழியில் ரிச்சி தெருவில் 350 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக்கொண்டேன்.

குறைந்த நட்சத்திரத்துக்கு வருகிறேன். கடை பதினொன்றுக்குத்தான் திறக்கிறது, வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி வரை இருக்காது. பில் தர மாட்டார். பழைய யூனிட்டுக்கு வாரண்டி கேட்டேன், “நான் இருக்கற வரைக்கும்” என்றார், அதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஜிபே கிடையாது. வண்டி நிறுத்த இடமே இல்லை, இரண்டு நாளும் யாராவது வந்து எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். டேங்க் இறக்கும் வேலையை ரோட்டோரம்தான் செய்கிறார். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் அது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் மத்தியான வேலையும் போனது. புது கார் வைத்திருப்பவர்கள் இங்கே வர வேண்டாம். அவற்றில் யூனிட்டும் பெட்ரோல் பம்ப்பும் ஒரே செட்டாக இருக்கும், முள் கணக்கும் கம்ப்யூட்டர் வழியாக வரும். அதெல்லாம் தனக்குப் பழக்கமில்லை என்று அவரே வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்புகிறார். நான் இருக்கும்போதே ஒருவரை அனுப்பினார்.

போகிறவர்கள் டேங்கில் இரண்டு லிட்டருக்கு மேல் வைத்துக்கொண்டு போகாதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார். கழற்றிய பழைய யூனிட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.